ஒரு கப்பலும் ஒரு தெள்ளுப்பூச்சியும்

ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பூச்சி ஒரு கண்டத்தையே குறுக்காகக் கடக்க முடியுமா? முடியும். மனிதனின் கால் இருந்தால் போதும்!

"ஜிகர்" எனப்படும் மணல் தெள்ளுப்பூச்சியின் தாயகம் தென் அமெரிக்காவும் கரீபியன் தீவுகளும். மற்ற தெள்ளுகள் கடித்துவிட்டுத் தாவிவிடும். இதன் பெண் பூச்சியோ கால்விரல் இடுக்கிலும் நக ஓரத்திலும் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே தங்கிவிடும். ஒன்றிரண்டு வாரங்களில் பட்டாணி அளவுக்கு வீங்கி, முட்டைகளை வெளியே தள்ளிவிட்டு, அங்கேயே இறந்துபோகும். புண்ணில் சீழ் பிடித்தால் விரலையே இழக்க நேரலாம். இதனால் ஸ்பானியர்கள் பட்ட அவதியை 16ஆம் நூற்றாண்டிலேயே ஒவியேடோ என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

பல நூற்றாண்டுகள் அமெரிக்காவோடு நின்றிருந்த இந்தத் தொல்லை ஆப்பிரிக்காவில் நிலைபெற்றது எப்படி?

1872இல் "தாமஸ் மிட்செல்" என்ற கப்பல் பிரேசிலிலிருந்து அங்கோலாவின் அம்பிரிஸ் துறைமுகத்துக்கு வந்தது. கப்பல் ஆடாமலிருக்க அடித்தட்டில் பாரமாகக் கொட்டியிருந்த மணலிலும், மாலுமிகளின் கால்களிலும் பூச்சி இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அது கரையேறியது. பிறகு அதற்குக் கப்பல் தேவைப்படவில்லை. வணிகக் கூட்டங்கள், படைகள், வெறுங்காலோடு நடந்த சுமைதூக்கிகள் ஆகியோர் வழியாகக் கிழக்கு நோக்கிப் பரவியது. சுமார் 25 ஆண்டுகளில் மறுகரையிலுள்ள சான்சிபாரை எட்டிவிட்டது! கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய இந்தியத் தொழிலாளர்களோடு பம்பாய்க்கும் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலணி அணிந்த பயணிக்கு இது ஓரிரு நாள் தொல்லை. ஊசியால் எடுத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார். மண் தரையில் வெறுங்காலோடு வாழ்பவருக்கோ ஒரு புண் ஆறும் முன்பே அடுத்த பூச்சி ஏறிவிடும். நடக்க முடியாவிட்டால் வயலுக்குப் போக முடியாது. வயலுக்குப் போகாவிட்டால் சோறு இல்லை. பூச்சியைக் கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள், பூச்சி போகவில்லை.

இன்றும் ஆப்பிரிக்காவின் ஏழைக் கிராமங்களில் ஜிகர் இருக்கிறது. மூச்சுத் துளைகளை அடைத்துப் பூச்சியைக் கொல்லும் டைமெத்திகோன் எண்ணெய் இப்போது பயன்படுகிறது. ஆனால் வீட்டுத் தரை மண்ணாகவே இருக்கும்வரை அது திரும்பத் திரும்ப வரும். சிமெண்டுத் தரையும் ஒரு ஜோடி செருப்பும்தான் நிரந்தர மருந்து. கப்பல் வந்து 150 ஆண்டுகள் தாண்டியும் அவை எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் வேதனை.