வெங்காயக் காசில் எழும்பிய வீடுகள்



"உழைச்சவன் முன்னேறிட்டான், மற்றவன் சோம்பேறி" என்று நம் ஊரில் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். திருநெல்வேலியின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ அரசு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கியது. தெற்கில் சனம் பாணுக்கு வரிசையில் நின்றது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரருக்கோ அதுவே பொற்காலம். விளைச்சல் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போனது. அந்தக் காசில் கல்வீடுகள் எழும்பின, பிள்ளைகள் படித்தார்கள். 1974இல் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் திறந்ததும் இதே ஆட்சியில்தான். தரப்படுத்தலால் நம் பிள்ளைகளின் வாய்ப்பைக் குறைத்ததும் இதே ஆட்சிதான்.

ஆனால் அந்தப் பொற்காலம் காணி உள்ளவருக்கு மட்டும். அந்தத் தோட்டங்களில் கூலிக்குக் கொத்தியவர்கள், சாதியின் பெயரால் காணி மறுக்கப்பட்டவர்கள் கையில் அன்றன்றைய கூலிதான் மிஞ்சியது.

1977இல் ஜே.ஆர். திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தார். இறக்குமதி வெங்காயமும் மிளகாயும் சந்தைக்கு வர, நம் தோட்டக்காரர் அடிபட்டார்கள். பின்னர் யுத்தம். 90களில் மண்ணெண்ணெய்த் தடையால் நீர்ப்பம்பிகள் ஓய்ந்தன. கனடா, சுவிஸ் போனவர்களின் காசு சில வீடுகளுக்கு வந்தது. போக வழியில்லாதவர் வீடுகளுக்கு வரவில்லை.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டோம். கடை, நகை, வீடு, தலைமுறைகளாகச் சேர்த்த எல்லாம் ஒரே நாளில் போனது. அன்று ஏழையானவர் எவரும் சோம்பலால் ஏழையாகவில்லை.

2009இல் யுத்தம் முடிந்து ஏ9 திறந்ததும் வங்கிகள், லீசிங் கம்பனிகள், நுண்கடன்காரர் வரிசையாக வந்தார்கள். வீதிகள் அகன்றன, கடைகள் மின்னின. வருமானம் வருவதற்கு முன்னர் கடன் வந்தது. கிழமைக் கட்டுக்காசுக்காக நகையை அடகு வைத்த பெண்கள் எத்தனை பேர்! 2022 நெருக்கடியில் ரூபாய் சரிந்தபோது, வெளிநாட்டுக் காசு வந்த வீட்டுக்கு அதன் பெறுமதி கூடியது. நாட்கூலிக்காரர் வீட்டில் ஒரு நேரச் சாப்பாடு குறைந்தது.

காணி, கொள்கை, துவக்கு, கடல் கடந்த உறவு. நம் ஊரில் செல்வத்தைப் பிரித்ததில் இவை நான்குக்கும் பெரிய பங்குண்டு. உழைப்பு எல்லோரிடமும் இருந்தது.

ஆகவே வகுப்பில் பசியோடு இருக்கும் பிள்ளையைப் பார்த்துத் தகப்பனைக் குறை சொல்லாதீர்கள். ஸகாத்தோ, பழைய மாணவர் உதவியோ, கொடுப்பதை வளைவுக்கும் மேடைக்கும் கொடுக்காமல், அந்தப் பிள்ளையின் காலைச் சாப்பாட்டுக்கும் பஸ் காசுக்கும் கொடுங்கள்.