கொக்கிசும் கண்ணாடிப் பையும்

மாத்தளை நகரிலிருந்து வடகிழக்கே செல்லும் மலைச்சாலையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் இரத்தோட்டை. ஏலமும் மிளகும் கராம்பும் தேயிலையும் விளையும் அம்மலைப்புறத்தில், சித்திரை வருடப்பிறப்பு நெருங்கியதும் வீடுகள்தோறும் அடுப்பிலே எண்ணெய் காயும். அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் கலந்து, அச்சை மாவில் தோய்த்து எண்ணெயிலிட்டால் பூப்போல விரிந்து வருவது கொக்கிஸ். வீட்டுக்கென்று சுட்டதில் ஒரு பங்கு, ஒளி ஊடுருவும் பைகளிற் புகுந்து, வாய் ஒட்டப்பெற்று, கடைக்கும் போகின்றது. இச்சிறு பைக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு.

முதலிற் பெயரைக் கவனிப்போம். கொக்கிஸ் என்னும் சொல் ஒல்லாந்தரின் ‘கூக்யெஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்ததென்பர். சிறு மாப்பண்டங்கள் என்பது அதன் பொருள். அமெரிக்கர் வழங்கும் ‘குக்கி’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததே. ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்டனர். மாத்தளையோ 1815 வரை கண்டி மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஒல்லாந்தரின் கொடி ஏறாத மலைநாட்டிலும் அவர்களுடைய சொல் ஏறிவிட்டது.

மொறுமொறுப்பான பண்டத்துக்குப் பெரும்பகை ஈரம். விசுக்கோத்தாயினும் கொக்கிசாயினும் தன்னிடமுள்ள நீரை நெருப்பில் இழந்தே மொறுமொறுப்பைப் பெறுகின்றது. காற்றிலுள்ள ஈரத்தை மீண்டும் உறிஞ்சிக்கொண்டால் நமுத்துப் போகின்றது. இது தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தோர் நன்கறிந்த உண்மை. தொழிற்சாலையில் நூற்றுக்கு மூன்று பங்களவு ஈரமே எஞ்சும்படி உலர்த்திய தேயிலையை, ஈயத்தாளும் பின்னர் அலுமினியத் தாளும் உட்புறம் வேய்ந்த மரப்பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினர். உலர்த்துவது பாதி வேலை; உலர்ந்ததைக் காப்பது மறுபாதி.

விசுக்கோத்தைக் காக்க முதலில் உதவியது தகரப்பேணி. இங்கிலாந்தின் இரெடிங் நகரில் ஜோசப் ஹன்ட்லி 1822இல் தொடங்கிய கடை, ‘ஹன்ட்லி அன்ட் பாமர்ஸ்’ என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்து, தகரப்பேணிகளிலே விசுக்கோத்தை உலகெங்கும் அனுப்பியது. ஆனால், பேணியின் விலை ஏழைக்கு எட்டாதது. அமெரிக்காவில் மக்கள் திறந்த பீப்பாய்களிலிருந்து விசுக்கோத்தை அள்ளி வாங்கினர். ஈரமும் எலியும் அதிற் பங்குகொண்டன. 1898இல் உருவான ‘நாஷனல் பிஸ்கட் கம்பனி’, மெழுகுத்தாளை உள்ளே வைத்த அட்டைப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மழையங்கி அணிந்த சிறுவன் ஒருவனே அதன் விளம்பரச் சின்னம். ஈரம் புகாது என்பதைச் சொல்ல வேறு சொல் வேண்டியிருக்கவில்லை.

பேணியும் அட்டையும் பண்டத்தைக் காத்தன. ஆயினும் கண்ணுக்குக் காட்டவில்லை. அக்குறையைத் தீர்த்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜாக் பிராண்டன்பெர்கர் என்னும் இரசாயன வல்லுநர். மேசை விரிப்பிற் சிந்திய திராட்சை மதுவைக் கண்டு, கறை பிடியாத துணி செய்ய முயன்றார் என்றும், துணியின்மேற் பூசிய பூச்சு தனித்தாளாக உரிந்து வந்தது என்றும் கூறுவர். மரக்கூழிலிருந்து பிறந்த அத்தாளே செலோபேன். 1924இல் அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனம் அதனைத் தயாரிக்கத் தொடங்கியது. தண்ணீரைத் தடுத்த அத்தாள், நீராவியைத் தடுக்கவில்லை. 1927இல் வில்லியம் ஹேல் சார்ச் என்பவர் மெல்லிய மெழுகுப்பூச்சொன்றைக் கண்டுபிடித்த பின்னரே அக்குறை நீங்கியது.

இருப்பினும் செலோபேன் இயல்பாக உருகுவதன்று. சூடு மிகுந்தாற் கருகும். அதன் விளிம்புகளை ஒட்டுவதற்குப் பசையோ தனிப் பூச்சோ தேவைப்பட்டது. ஆகவே, காற்றுப் புகாமல் அடைக்கும் கலை பெரும்பாலும் தொழிற்சாலைக்கே உரியதாக இருந்தது.

அக்கலையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தது பொலித்தீன். 1933ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்தின் வின்னிங்டன் என்னுமிடத்தில் எரிக் ஃபோசெட், ரெஜினல்ட் கிப்சன் என்னும் இருவர் உயர்ந்த அழுத்தத்தில் வாயுக்களைச் சோதித்தபோது, எதிர்பாராத வகையில் மெழுகுபோன்ற வெண்பொருள் ஒன்று கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் அது ராடார்க் கருவிகளின் மின்கம்பிகளுக்கு உறையாயிற்று. போர் முடிந்தபின் பையாயிற்று. 1950களிற் பிறந்த பொலிபுரொப்பலீன், அதனினும் தெளிவாகக் கண்ணாடி போலாகிச் செலோபேனின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

இப்பொருள்கள் சூட்டில் இளகி, ஆறியதும் மீண்டும் இறுகுவன. மெழுகுதிரிச் சுடரே போதும்! பையின் வாயை இரும்பு அறுக்கும் வாளின் தகட்டில் மடித்து, வெளியே தெரியும் நுனியைச் சுடரின் ஓரமாக இழுத்தால் இரு படலங்களும் ஒன்றாகின்றன. மின்சாரத்தால் ஒட்டும் சிறு கருவி வீடுகளுக்கு வருமுன்னர், இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் எத்தனையோ குடும்பங்கள் மிக்சரையும் கடலையையும் முறுக்கையும் இவ்வாறே அடைத்து விற்றன. பெரும் ஆலைக்கு மட்டுமே உரியதாயிருந்த பாதுகாப்பு, ஒரு மெழுகுதிரியின் விலையில் ஏழைப் பெண்ணின் கைக்கு வந்தது. பையின் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம்.

ஆயினும் கருவி வந்ததனால் அறிவு தேவையற்றதாகவில்லை. சூடாறாத பண்டத்தைப் பையிலிட்டால், அதன் ஆவியே உட்புறத்தில் நீர்த்துளியாகி அதனைக் கெடுக்கும். சித்திரை மாதத்து மாலை மழைக்கு முன்னே, எண்ணெய் வடிந்து, நன்றாக ஆறிய பின்னரே அடைத்தல் வேண்டும். ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ மாத்துகளோ இருந்தால், ஒட்டியதுபோலத் தோன்றினும் ஒட்டாது. மேலும், கண்ணுக்குக் காட்டும் பை வெயிலுக்கும் வழிவிடுகின்றது. ஒளி பட்ட எண்ணெய் விரைவிற் காறல் வாடை கொள்ளும். கடை வாசலில் வெயிலிலே தொங்கும் அழகிய பையிலும், உள்ளே நிழலில் வைத்த பையே நல்லது. கண்ணுக்குத் தெரிவது நம்பிக்கையின் தொடக்கமேயன்றி முடிவன்று. அதனாலேயே, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், பொதியின்மேற் பண்டத்தின் பெயரும் நிறையும் காலாவதித் திகதியும் செய்தவரின் முகவரியும் இருத்தல் வேண்டுமென்கின்றன.

பையின் கதை விற்பனையோடு முடிவதில்லை. 2007இல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உடைய பொலித்தீனை இலங்கை அரசு தடைசெய்தது. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி, வருடப்பிறப்பு நாளன்று, கொழும்புக்கு அண்மையிலுள்ள மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொக்கிஸ் பகிரவேண்டிய நாளில் வீடுகள் குப்பையின்கீழ் புதைந்தன. அவ்வாண்டு செப்டெம்பரில் லஞ்ச் சீற் முதலியவற்றுக்கும் தடை வந்தது.

கொக்கிசைக் கெடுக்காமற் காக்கும் அதே தன்மையே, பை மண்ணில் மக்காமற் கிடப்பதற்கும் காரணம். பண்டத்தின் ஆயுள் சில வாரம். பையின் ஆயுளோ பல தலைமுறை. வீட்டு உழைப்பை விலைப்பொருளாக்கி, சிறு கைத்தொழிலுக்கு வாழ்வு தந்த பையை ஒரேயடியாகப் பழிப்பது நன்றியாகாது. பயன் முடிந்தபின் ஓடையில் எறிவதோ அறமாகாது. பண்டத்தை உலர்த்திக் காத்தலிலே மலைநாட்டார் பழகிய கை உடையவர். அக்கை பையின் வாயை ஒழுங்காக மூடுவதோடு நில்லாது, திறந்த பையை ஒழுங்காகச் சேர்ப்பதற்கும் பழகுமாயின், இரத்தோட்டையின் சித்திரைப் பண்டம் நாவுக்கு இனியதாவதோடு நிலத்துக்கும் தீங்கற்றதாகும்.