காப்பீட்டுச் சிகிச்சை இலவசச் சிகிச்சையா? சாந்தா தீர்ப்பை மறுபடி வாசித்தல்

தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பாதிக்கப்பட்டவருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைத்தே இருக்கிறது என்பது நுகர்வோர் சட்டத் துறையில் வேரூன்றிய கருத்து. 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் வழங்கிய தீர்ப்பே அதற்கு ஆதாரம். அத்தீர்ப்பைப் பாதியில் மூடிவைத்ததால் வந்த முடிவு இது என்றே எனக்குப் படுகிறது.

அத்தீர்ப்பின்படி, எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெளியே. பதிவுச் சீட்டுக்குச் சிறு தொகை வாங்கினாலும் அப்படியே. இதுவரை சர்ச்சையில்லை. ஆனால் சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில், காசு கட்டாதவரும் பயனாளி என்ற வகையில் நுகர்வோரே என்கிறது அதே தீர்ப்பு. நோயாளிக்காகக் காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்றால் அது இலவசச் சேவை ஆகாது என்றும் சொல்கிறது. நம் ஆய்வாளர்கள் கண்டுகொள்ளாத இடம் இதுதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு ஒருவர் க.விலக்கில் அறுவைச் சிகிச்சைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையிலிருந்து ஒரு ரூபாயும் போவதில்லை. ஆனால் அந்தச் சிகிச்சைக்கான தொகை காப்பீட்டின் வழியே மருத்துவமனைக்கு வருகிறது. பிரீமியத்தைக் கட்டுவது அரசுதானே, இது ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போகும் பணம்தானே என்பார்கள். நடுவில் ஒரு காப்பீட்டு ஒப்பந்தம் நிற்கிறது, அது போதும். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைச் சேவை சட்டத்துக்குள் வரும் என்று 2007-இல் கிஷோர் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் என் வாசிப்புக்குத் துணை. அங்கே தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தம் உண்டு, இங்கே இல்லை. ஒப்புமை முழுமையல்லதான். எனினும் 1995 தீர்ப்பின் அளவுகோல் சேவைக்கு விலை கொடுக்கப்பட்டதா என்பதே. கொடுத்தவர் யார் என்பது அன்று.

தேனியில் தனியார் மருத்துவமனையில் இதே அட்டையைக் காட்டியவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் காசு கட்டுவதால், காசு கட்டாத இவரும் மேற்சொன்னபடி நுகர்வோரே.

இது வெறும் ஏட்டு வாதமன்று. 2019 சட்டப்படி, சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. உரிமையியல் நீதிமன்றத்திலோ கேட்கும் இழப்பீட்டில் 3 சதவீதம்: 10 லட்சம் கேட்டால் 30,000 ரூபாய். கம்பத்துத் திராட்சைத் தோட்டக் கூலிக் குடும்பம் வழக்கா வேண்டாமா என்று யோசிப்பது இந்த வாசலில்தான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாமே என்பதும் முழு விடையன்று. கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்ட 2018 சாத்தூர் விவகாரத்தில் தவறு வெளிப்படையாக இருந்தது. சாட்சி விசாரித்துத் துலக்க வேண்டிய வழக்குகளுக்கு ரிட் பொருந்தாது.

மருத்துவர்கள் அஞ்சி ஒதுங்குவார்கள் என்ற கவலைக்கு 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு குற்ற வழக்கில் தந்த காப்பே போதும்.

ஆணையத்தில் புகார் கொடுக்கக் காலவரம்பு 2 ஆண்டுகள். கேட்டால் 72 மணி நேரத்தில் பதிவேடுகளைத் தர வேண்டும் என்கிறது மருத்துவ மன்றத்தின் 2002 விதி. குடும்பங்கள் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடுகின்றன. பணம் யார் கட்டினார் என்று அது பொதுவாகச் சொல்லாது. காப்பீட்டு நிறுவனம் கொடுத்த முன் அனுமதித் தாளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.