ஃபோனில் திறந்தால் அது அனுமதியா? மடுல்சீமையிலிருந்து மத்திய வங்கி வரை ஒரு பழைய கேள்வி



பதுளையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் பெற்றோர்கள், பழைய மாணவர்கள், அயலவர்கள் எல்லோருக்குமாக எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

சென்ற வாரம் பாடசாலை விட்ட பிறகு ஒரு மாணவியின் தாய் வந்தார். அவருடைய மூத்த மகனும் நம்மிடம் படித்தவன்தான். கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் ஒரு ஆப்பை ஃபோனில் போட்டிருக்கிறான். தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற தகப்பனின் ஈபிஎஃப் காசில் பாதியை அதில் போடப் போகிறானாம்.

"சேர், இது நம்ம நாட்டுல சட்டப்படி சரியா? சட்டமில்லன்னா ஃபோன்ல எப்படித் தொறக்கும்னு கேக்குறான்" என்றார்.

வரலாறு படிப்பிக்கும் நமக்கு அந்தக் கேள்வி பழைய கேள்வியாகத்தான் தெரிந்தது. இந்த மலையில் நம் முன்னோர் வெவ்வேறு உருவத்தில் அதைச் சந்தித்திருக்கிறார்கள். கையில் இருக்கும் காசுக்கு யார் பொறுப்பு? நாளைக்கு அது செல்லாது என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

கதை நம் ஊர்ப் பக்கம்தான் தொடங்குகிறது. 1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் தூள் படிந்ததைக் கண்டார்கள். இலங்கைக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் முதலில் கவனிக்கப்பட்டது அங்கேதான். அடுத்த பதினைந்து வருடத்தில் கோப்பி சரிந்தது. கோப்பித் துரைமாருக்குக் கடன் கொடுத்த வங்கிகளும் ஆட்டம் கண்டன.

அவற்றில் பெரியது ஓரியண்டல் பேங்க் கோர்ப்பரேஷன். அன்றைக்கு இலங்கையில் கைமாறிய தாள் காசு அரசாங்கத்தின் காசு அல்ல. இப்படிப்பட்ட வங்கிகள் அச்சிட்ட நோட்டு. 1884 மே மாதம் அந்த வங்கி கதவை மூடியது. முதல் நாள் வரை கடையில் செல்லுபடியான நோட்டு மறுநாள் வெறுந்தாளாகும் நிலை. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். கலவரமாக வேண்டிய நிலைமை அடங்கியது. ஆனால் அந்தப் பொறுப்பு நோட்டுக்கு மட்டும்தான். வங்கியில் வைப்பு வைத்திருந்தவர்களுக்கு அந்த உறுதி கிடைக்கவில்லை.

அதே வருடம் தாள் நாணயச் சட்டம் வந்தது. 1885 முதல் அரசாங்கமே நோட்டு வெளியிட்டது. நாணயத்துக்கு அரசு பொறுப்பேற்கும் முறை, மடுல்சீமைக் கோப்பி இலையில் தொடங்கிய ஒரு நட்டத்துக்குப் பிறகுதான் நமக்குக் கிடைத்தது.

தோட்டத்துக்கென்று இன்னொரு தாளும் இருந்தது. நம் பாட்டன் பூட்டன் காலத்து "துண்டு". ஒரு கூட்டத்துத் தொழிலாளர்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிற தோட்டம் இவர்களைக் கூட்டிப் போகலாம் என்று எழுதிய தாள் அது. கங்காணிமார் அந்தத் தாளை வைத்துத் தோட்டத்துக்குத் தோட்டம் பேரம் பேசினார்கள். அந்தத் தாளில் சிக்கியிருந்தவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. இன்று ஆப் காட்டும் நீண்ட ஆங்கில நிபந்தனைகளைப் படிக்காமல் "சம்மதம்" என்று அழுத்தும்போது நமக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது.

சுதந்திரத்துக்குப் பின் 1949ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டப்படி 1950இல் இலங்கை மத்திய வங்கி திறந்தது. 1953இல் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் இப்போது இருப்பது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம். நம் ரூபாய் எந்த வழியாக நாட்டை விட்டு வெளியே போகலாம் என்பதை அது சொல்கிறது. வெளிநாட்டு கிரிப்டோ பரிமாற்றகத்துக்குக் காசு அனுப்புவதும் அதற்குள்தான் வருகிறது.

அனுமதி இல்லாத இடத்தில் காசு போட்டால் என்ன நடக்கும் என்பதை நம் தலைமுறையே பார்த்தது. 2008 கடைசியில் கோல்டன் கீ கிரெடிட் கார்ட் கம்பெனி விழுந்தது. வைப்பு ஏற்க உரிமம் இல்லாமலேயே பெரிய வட்டி காட்டிப் பொதுமக்களின் பணத்தை எடுத்த நிறுவனம் அது. பணத்தைத் திரும்பப் பெற மக்கள் வருடக்கணக்காக நீதிமன்றம் ஏறினார்கள்.

உரிமம் இருந்தால் எல்லாம் பத்திரமா? அதுவும் இல்லை. த ஃபினான்ஸ் கம்பெனி உரிமம் பெற்ற நிறுவனம். அதன் உரிமம் 2020 மே மாதம் ரத்தானது. ஆனால் அங்கே வைப்பு வைத்தவர்களுக்கு வைப்புக் காப்புறுதித் திட்டத்திலிருந்து ஒரு வரம்பு வரை இழப்பீடு கிடைத்தது. உரிமம் நட்டத்தைத் தடுத்துவிடாது. நட்டம் வரும்போது போய் நிற்க ஒரு வாசலைத் தரும், அவ்வளவுதான். அந்த வாசல் சிறிய விஷயம் இல்லை.

இப்போது கிரிப்டோவுக்கு வருவோம். மத்திய வங்கி 2018, 2021, 2022 என்று திரும்பத் திரும்ப அறிவித்தல் விட்டது. மெய்நிகர் நாணயப் பரிமாற்றகம் நடத்தவோ, புது நாணயம் வெளியிட்டுப் பணம் திரட்டவோ, நாணயம் "தோண்டும்" தொழில் செய்யவோ எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அதில் சொல்கிறது. டெபிட் கார்ட், கிரெடிட் கார்ட் மூலம் இதற்குப் பணம் செலுத்தவும் அனுமதி இல்லை. அது 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரை.

ஃபோனில் ஆப் திறப்பது எப்படி? ஆப் கடையில் ஏற்றுவது கம்பெனி. அனுமதி கொடுப்பது நாடு. இரண்டும் வேறு வேறு. "இலங்கை" என்று கம்பெனியின் நாட்டுப் பட்டியலில் இருந்தால், உங்கள் அடையாள அட்டையை அந்தக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பல கம்பெனிகளின் நிபந்தனைகளிலேயே, உன் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். தேடிப் பாருங்கள்.

இன்னொரு பொறி நம் மொழியிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் பார்க்கும் தமிழ் வீடியோக்களில் நிறைய தமிழ்நாட்டில் எடுத்தவை. சில துபாயில் எடுத்தவை. "இது சட்டப்படி சரி, வரி கட்டினால் போதும்" என்று அவர்கள் சொல்வது இந்தியாவைப் பற்றி. அங்கே 2022 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. அங்கேயும் 2023 டிசம்பரில் பைனான்ஸ் உட்பட 9 வெளிநாட்டுப் பரிமாற்றகங்களுக்கு நோட்டீஸ் போனது. அடுத்த மாதமே இணையப் பக்கங்கள் முடங்கின. பைனான்ஸ் பிறகு பதிவு செய்துகொண்டு திரும்பி வந்தது. துபாயில் 2022 முதல் இதற்கென்றே தனி அதிகாரசபை இருக்கிறது. மொழி ஒன்று, சட்டம் வேறு. சென்னைக்காரருக்கும் துபாய்க்காரருக்கும் சரியான பதில் பண்டாரவளையில் இருப்பவருக்குச் சரியாகாது.

2023இல் எம்டிஎஃப்இ என்ற ஆப்பின் கதையை நாடே பார்த்தது. தினமும் லாபம் என்று திரையில் எண் காட்டியது. ஆள் சேர்த்தால் மேலும் லாபம் என்றது. ஆகஸ்டில் நின்றுபோனது. மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் போட்டது. வங்கித்தொழில் சட்டத்தின்படி பிரமிட் திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, விளம்பரப்படுத்துவதும் குற்றம். நல்லெண்ணத்தில் சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டவரும் அந்த வலைக்குள் வரலாம்.

ஆகவே எந்த ஆப் வந்தாலும் இதைச் செய்யுங்கள். முதலில் மத்திய வங்கியின் இணையத்தளத்தில், தமிழிலும் இருக்கிறது, அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலையும் தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலையும் பாருங்கள். விளங்காவிட்டால் 1935க்கு அழைத்துக் கேளுங்கள். "எங்களுக்கு லைசன்ஸ் இருக்கிறது" என்றால் எந்த நாட்டில், எந்த அதிகாரசபையிடம் என்று கேளுங்கள். அந்த அதிகாரசபையின் பக்கத்தில் நீங்களே பெயரைத் தேடுங்கள். அவர்கள் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம். முன்பின் தெரியாத தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு ரூபாய் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அது உண்டியல் வியாபாரத்தின் புது முகமாக இருக்கலாம். அந்தக் கணக்கில் களவுக் காசு ஓடினால் விசாரணை உங்கள் வீட்டுக்கும் வரும். சட்டம் மாறிக்கொண்டே இருப்பதால், இந்தப் பதிவை நம்பியும் முடிவெடுக்காமல் அன்றைக்கே பாருங்கள்.

இது ஹலாலா ஹராமா என்று சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். அதை உலமாக்களிடம் கேளுங்கள். தகப்பனின் ஓய்வுக் காசு ஒரு அமானிதம் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

அந்த மகன் மறுநாள் வந்தான். அவனுடைய ஃபோனிலேயே மத்திய வங்கியின் பக்கத்தைத் திறந்து இருவருமாக வாசித்தோம். முகம் வாடிவிட்டது. "கிரிப்டோ வைத்திருந்தால் ஜெயிலா சேர்?" என்று கேட்டான். வைத்திருப்பதே குற்றம் என்று மத்திய வங்கியின் அந்த அறிவித்தல்கள் சொல்லவில்லை. ஆனால் காசு போனால் இந்த நாட்டில் நீ போய் நிற்க வாசல் இல்லை என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "1884ல கவர்னர் ஒருத்தர் இருந்தாரு, இதுக்கு யாரு சேர்?" என்றான். பத்தாம் ஆண்டில் அந்தப் பாடத்தின்போது அவன் தூங்கினான் என்றுதான் நினைத்திருந்தோம்.

ஈபிஎஃப் காசு இன்னும் தகப்பனின் வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு நடந்தால், நகையை அடகு வைக்கும் முன் ஃபோனை எடுத்துக்கொண்டு வாருங்கள். பாடசாலை விட்ட பிறகு இருப்போம். சேர்ந்து வாசிப்போம்.

வஸ்ஸலாம்.