மெய்நிகர் இயந்திரம்: ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினியில் இயங்கும் இயங்குதளத்துக்குள்ளேயே மற்றோர் இயங்குதளத்தை ஓட்டும் மென்பொருள் ஏற்பாடு. வெளியே இருப்பது ஓம்பும் தளம், உள்ளே இருப்பது விருந்தினர் தளம். தூத்துக்குடிக்காரன் என்பதால் 'சிப்பிக்குள் முத்து' என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் அந்த ஒப்புமை பொருந்தாது. முத்து சிப்பியின் சுரப்பால் உருவாவது. விருந்தினர் தளமோ முழுக் கணினியும் தனக்கே உரியது என்பதுபோல் நடந்துகொள்ளும்.

இந்த யோசனை தனிக்கணினிக்கு முந்தியது. 1960களில் ஒரு பெருங்கணினியைப் பலர் பகிர்ந்தாக வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் உருவாக்கிய சிபி-40 அமைப்பு 1967இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணினி இருப்பதுபோன்ற தோற்றத்தை அது தந்தது. 1972இல் விஎம்/370 வெளியானது. மறு ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது. பெயரில் 370 இருந்தாலும், அந்த மாதிரியில் முகவரி மாற்றும் வன்பொருளைக் கூடுதலாகப் பொருத்தினால்தான் விஎம்/370 ஓடும்.

தனிக்கணினிகளின் எக்ஸ்86 செயலிகள் இதற்கு ஏற்றவையாக வடிவமைக்கப்படவில்லை. 1999இல் விஎம்வேர் நிறுவனம், சிக்கலான கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி அந்தத் தடையைத் தாண்டியது. 2005 முதல் செயலிகளிலேயே இதற்கான வசதி வரத் தொடங்கியது. 2007இல் வெர்ச்சுவல்பாக்ஸ் திறமூல மென்பொருளாக வெளியானதும் சாதாரண மாணவருக்கும் இது எட்டியது.

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் சேர்ந்தே வந்தன. பலர் இதை மெய்நிகர் இயந்திரத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது இரட்டைத் தொடக்கம். கணினியைத் தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தால் மற்றது உறங்கும்.

இதன் பயனை நான் அறிந்தது ஒரு குறுந்தகட்டால். எங்கள் கடலில் 1961இல் நடந்ததே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. அதில் மூழ்கிய முதியவர்களிடம் கேட்டு மாணவர்கள் எழுதிய குறிப்புகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துரு. பழைய பேஜ்மேக்கர் கோப்பு. புதிய கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். சொன்னவர்களில் பலர் இன்று இல்லை. மறுபடி கேட்க வழியில்லை.

லினக்ஸ் கணினியில் வெர்ச்சுவல்பாக்ஸ் நிறுவி, உரிமம் இருந்த விண்டோஸ் எக்ஸ்பியை அதற்குள் ஏற்றி, பழைய எழுத்துருவையும் மென்பொருளையும் போட்டேன். கோப்பு திறந்தது. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டதால், விருந்தினர் தளத்தின் இணைய இணைப்பை அணைத்தே வைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பக்கங்களை அச்சிட்டு, ஒருங்குறியில் மாற்றித் திருத்துகிறோம். முப்பது பக்கம் முடிந்திருக்கிறது.