ஓட்டுநரின் இருக்கையும் அவர் சுவாசித்த காற்றும்

வேலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் நவீன மருத்துவம் இலண்டன் பேருந்துக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறது. ஜெரி மாரிஸும் அவருடைய குழுவினரும் 1953ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளரைக் கணக்கில் கொண்டு, மாடிப் பேருந்தின் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டது. ஒரே நிர்வாகத்தின் கீழ் ஒரே வண்டியில் ஒரே தெருக்களில் வேலை செய்த இவ்விருவருள், பணிநேரத்தில் பத்தில் ஒன்பது பங்கை உட்கார்ந்தே கழித்த ஓட்டுநரிடையே இதயத் தமனி நோய் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 2.7 என்ற விகிதத்திலும், நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறிய நடத்துநரிடையே 1.9 என்ற விகிதத்திலும் காணப்பட்டது. உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்று இன்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்ட கருத்துக்குக் கிடைத்த முதல் பெரிய சான்று இதுவே. 1956இல் அதே குழு சீருடை அளவுப் பதிவேடுகளைப் புரட்டி, எல்லா வயதிலும் ஓட்டுநரின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநருடையதைவிடப் பெரிதாக இருந்ததைக் கண்டபோது, வேலையில் சேரும் நாளிலேயே இருவரின் உடல்வாகும் வேறுபட்டிருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது.

இருக்கையையும் இடுப்பையும் இவ்வளவு நுணுக்கமாக அளந்த அந்த ஆய்வுகள், அவ்விருவரும் எந்தக் காற்றைச் சுவாசித்தார்கள் என்று கேட்கவில்லை. அக்கால இலண்டன் பேருந்தில் ஓட்டுநர், வண்டியின் முன்புறத்தில் பாதி அகலத்தையே அடைத்துக்கொண்ட ஒடுக்கமான தனி அறையில் அமர்ந்திருந்தார். மறுபாதியில், அவருடைய இடது முழங்கைக்கு அருகிலேயே, டீசல் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என்ஜினை ஓட்டுநரின் பக்கத்தில் வைக்கும் பழக்கம் தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதல்ல; நம் பேருந்துகளில் பல தலைமுறை ஓட்டுநர்கள் என்ஜின் மூடியின் வெக்கையை ஏற்றபடியே வண்டி ஓட்டியிருக்கிறார்கள். நடத்துநரின் இடமோ கதவே இல்லாத பின்புற மேடை. சதுரமான பின்பக்கம் கொண்ட எந்த வண்டியும் ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, தெருத் தூசியும் புகையும் அவ்விடத்துக்கு இழுபடும். அது போதாதென்று, புகை பிடிப்போருக்கென ஒதுக்கப்பட்டிருந்த மேல்தளத்துக்கு ஒவ்வொரு முறை படியேறும்போதும் அவர் சிகரெட் புகை மண்டலத்துக்குள் நுழைந்தார். ஆக, நடத்துநர் சுவாசித்த காற்று எவ்விதத்திலும் தூயதல்ல. அப்படியிருந்தும் அவருடைய இதயம் நன்றாக இருந்தது என்பது மாரிஸின் முடிவை வலுப்படுத்தவே செய்கிறது. ஆனால் இதயத்துக்குக் கிடைத்த விடை நுரையீரலுக்கும் போதுமானதாகிவிடாது.

அந்த ஆய்வு நடந்த காலத்தில் இலண்டன் நகரமே கரிப்புகையில் மூழ்கியிருந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நகரை மூடிய பெரும் புகைமூட்டத்தின்போது, வழி தெரியாமல் தவழ்ந்த பேருந்துகளுக்கு முன்னால் நடத்துநர்கள் விளக்கோ தீப்பந்தமோ ஏந்தி நடந்து சென்றார்கள். பின்னர் பேருந்துகளின் ஓட்டமே நின்றது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அன்று மதிப்பிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்தின. இதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான், அதே ஆண்டு ஜூலையில், நகரின் கடைசி டிராம் ஓடி முடிந்து, அத்தடங்கள் டீசல் பேருந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடிய டிராலி பேருந்துகளும் 1962 மே மாதத்தோடு முடிந்தன; அவற்றின் இடத்தை நிரப்பவே புகழ்பெற்ற ‘ரூட்மாஸ்டர்’ பேருந்து வடிவமைக்கப்பட்டது. தெருவில் புகை விடாத இரு ஊர்திகளைச் செலவு கருதிக் கைவிட்ட அந்தப் பத்தாண்டின் முடிவு, ஓட்டுநர்களின் மூச்சோடு விளையாடிய முடிவு என்றே சொல்ல வேண்டும்.

டீசல் புகையை அன்றைய மருத்துவம் முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. தூய பார்த்தலோமியு மருத்துவமனையில் இயங்கிய காற்று மாசு ஆய்வுக் குழுவைச் சேர்ந்த காமின்ஸ், வாலர், லாதர் ஆகியோர் இலண்டன் பேருந்துப் பணிமனைகளில் காற்றின் மாதிரிகளைச் சேகரித்து 1957இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புற்றுநோயைத் தூண்டக்கூடிய பென்சோபைரீன் என்ற கரிமச் சேர்மத்தை அவர்கள் குறிப்பாகத் தேடினார்கள். ஆனால் வெளியே கரியடுப்புகள் கக்கிய அளவோடு ஒப்பிடுகையில், பணிமனைக்குள் பேருந்துகள் சேர்த்தது சிறிதாகவே தோன்றியது. ஊரே புகைந்துகொண்டிருக்கும்போது ஒரு வண்டியின் புகை கண்ணில் படுவதில்லை. 1950 முதல் 1974 வரை பணியிலிருந்தவர்களிடையே ஏற்பட்ட நுரையீரல் புற்றுநோயைத் தொகுத்து வாலர் 1981இல் எழுதிய கட்டுரையும் குறிப்பிடத்தக்க மிகுதி எதையும் காணவில்லை. எனினும் அந்தக் கணக்கில் ஓர் அடிப்படைக் குறை உண்டு: பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும் நோயை, பணியில் இருக்கும்வரை மட்டுமே பின்தொடர்ந்தால், ஓய்வு பெற்றபின் நோயுற்றவர் எவரும் எண்ணிக்கையில் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை 1988இல் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்றும், 2012இல்தான் ‘உண்டாக்குகிறது’ என்றும் வகைப்படுத்தியது.

இதற்கிடையே ஒப்பீட்டின் ஒரு பாதியே மறைந்துவிட்டது. 1960களின் பிற்பகுதி முதல் இலண்டன் பேருந்துகள், ஓட்டுநரே கட்டணமும் வாங்கும் ஒற்றை ஆள் முறைக்கு மாறத் தொடங்கின. வழக்கமான தடங்களில் ரூட்மாஸ்டர் 2005 டிசம்பரில் விடைபெற்றபோது நடத்துநரும் விடைபெற்றார். இரு வேலைகளுள் உடலுக்கு நல்லதென்று நிறுவப்பட்டிருந்ததை ஒழித்து, கெட்டதென்று நிறுவப்பட்டிருந்ததைத் தக்கவைத்துக்கொண்ட இம்மாற்றம் தொழில் வரலாற்றில் போதிய கவனம் பெறாதது வருந்தத்தக்கது. ஒற்றை ஆள் பேருந்துகளில் என்ஜின் பின்புறத்துக்குப் போனதால் வெக்கையும் இரைச்சலும் குறைந்தன என்பது உண்மை. ஆனால் பயணிகள் ஏறும் கதவு ஓட்டுநரின் பக்கத்துக்கே வந்துவிட்டதால், ஒவ்வொரு நிறுத்தத்திலும், முன்னால் உறுமி நிற்கும் வண்டியின் புகையும் ஏறுவோரின் மூச்சும் அவருடைய இருக்கையை நேராக வந்தடைந்தன.

அந்த மூச்சின் விலை 2020இல் தெரியவந்தது. கொரோனா முதல் அலையில் இலண்டன் பேருந்து ஓட்டுநர்கள் பலர் இறந்தனர். அதன்பின் ஏப்ரல் 20 முதல் பயணிகள் நடுக்கதவு வழியே ஏறுமாறு செய்யப்பட்டது; தாக்குதலிலிருந்து காக்கவென ஓட்டுநர் அறையில் பொருத்தப்பட்டிருந்த தடுப்புக் கண்ணாடியில், பேசுவதற்காக விடப்பட்டிருந்த துளைகளும் அடைக்கப்பட்டன. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி அவ்வாண்டு ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, பொது முடக்கம் முன்னதாகவே வந்திருந்தால் இறந்த ஓட்டுநர்களுள் சிலரேனும் பிழைத்திருப்பார்கள் என்று முடிவு கூறியது.