பிரித்த வீடு

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், ஒரு பித்தளைத் தூக்குச்சட்டி இருக்கிறது. மூடி இல்லை. உள்ளே மணி பிளான்ட் வளர்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினோம். பேரம் முடிந்து காசு கொடுக்கும்போது, சட்டியின் கழுத்துக்குக் கீழே கொத்தியிருந்த எழுத்துகளைக் காட்டிக் கடைக்காரர் கேட்டார்: "இதைத் தேய்ச்சுக் குடுத்துரட்டுமா சார்? சில பேருக்கு அடுத்தவங்க பேரு இருந்தா பிடிக்கிறதில்ல."

"வேண்டாம்ணே, இருக்கட்டும். அதுதான் அழகே" என்றாள் மனைவி.

காரைக்குடிக்குப் போனதே அந்த அழகைத் தேடித்தான். சோழிங்கநல்லூரில் எட்டாவது மாடி, இருபது வருட இஎம்ஐ. சாவி வாங்கிய அன்று வீட்டைப் பார்த்தால் வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கதவு. மேல் வீடும் கீழ் வீடும் எதிர் வீடும் அப்படியே காப்பி பேஸ்ட். "இந்த வீட்டுக்கு ஒரு கேரக்டரே இல்லப்பா" என்று மனைவி சொன்னாள். கேரக்டர் என்ற சொல்லை யாரைப் பற்றியாவது புறம் பேசும்போது மட்டும் கேட்டு வளர்ந்தவன் நான். வீட்டுக்கும் அது வேண்டும் என்பது புதிதாக இருந்தது. அடுத்த ஒரு மாதம் இருவரும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை பின்டரெஸ்டில் கிடந்தோம். எங்கே தொடங்கினாலும் கடைசியில் அது எங்களைக் கொண்டுபோய் விட்ட இடம் செட்டிநாடு. தேக்குத் தூண், பூப்போட்ட தரை, கண்ணாடிச் சட்டம், பித்தளை.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. எங்கள் அம்மாவின் குடங்களில் அப்பா பெயரும் ஊரும் இருக்கும். ஆனால் இந்தத் தூக்குச்சட்டியில் இருந்தது பெயர் இல்லை. வெறும் முதலெழுத்துகள், நடுநடுவே புள்ளி. அந்த எழுத்துகளை இங்கே எழுதப்போவதில்லை. ஏனென்றால் அது ஒருவருடைய விலாசம்.

நகரத்தார் பேச்சில் விலாசம் என்பது கதவு எண்ணும் தெருப் பெயரும் அல்ல. தாத்தா, அப்பா என்று முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த ஒரு சரம். குடும்பத்தின் அடையாளமும் அதுதான், தொழில் நிறுவனத்தின் பெயரும் அதுதான். ரங்கூனிலோ பினாங்கிலோ கிட்டங்கியில் உட்கார்ந்து வரவு செலவு எழுதியவர் அதே எழுத்துகளின் பேரில் எழுதினார். ஊரில் அவருடைய மனைவி தண்ணீர் மொண்ட சொம்பிலும் அதே எழுத்துகள். வங்கிக்கும் சொம்புக்கும் ஒரே லோகோ.

இன்டீரியர் டிசைன்காரர்கள் இப்போது 'செட்டிநாடு ஸ்டைல் பெட்ரூம்' என்று ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள். எங்களுக்கும் ஒரு கொட்டேஷன் வந்தது. ஆனால் நாம் நினைக்கிற பொருளில் செட்டிநாட்டு வீட்டில் பெட்ரூமே கிடையாது. அந்த வீடுகள் தெருவுக்குத் தெரு நீள்பவை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்வாசலில் நின்றால் நிலைக்குப் பின் நிலையாகப் பின்வாசல் வரை கண் ஓடும். திண்ணை, முகப்பு, அதைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றத்தோடு வளவு. பிறகு சாப்பிடும் இரண்டாம் கட்டு, அடுப்பு எரியும் மூன்றாம் கட்டு. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணமானதும் ஓர் அறை.

அந்த அறைகள் சிறியவை, இருட்டு. பூட்டு மட்டும் பெரியது. அவள் கொண்டுவந்த சீர் சாமான்கள் அதற்குள் இருந்தன. நகரத்தார் கல்யாணத்தில் சாமான் பரப்புவது என்று ஒன்று உண்டு. பித்தளை, வெண்கலம், வெள்ளி, ஐரோப்பாவிலிருந்து வந்த எனாமல், பனை ஓலைக் கொட்டான், பாய் என்று ஓர் ஆயுளுக்கு வேண்டிய அத்தனையையும் பட்டியல் போட்டுப் பரப்பி வைப்பார்கள். பரப்பியதெல்லாம் பிறகு அந்த இருட்டறைக்குள் போய் அடைந்துவிடும். மனிதர்கள் முற்றத்தைச் சுற்றிய பத்தியிலும் முகப்பிலும் காற்றுப் பார்த்துப் படுத்தார்கள். அலங்காரம் எல்லாம் வருகிறவர்கள் கண்ணில் படும் முகப்பிலும் வளவிலும்தான். நாம் இன்று 'செட்டிநாடு' என்று படத்தில் பார்ப்பது அந்தப் பொதுக்கூடங்களை மட்டும். ஒரு தம்பதியின் சொந்த இடம் நான்கு சுவருக்குள் அடுக்கி வைத்த பாத்திரங்களாக இருந்தது.

கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு 'புள்ளி'. கோயிலுக்கு வரி கொடுப்பது புள்ளிக் கணக்கில். ஒரே வீட்டுக்குள் புள்ளிகள் தனித்தனியாகச் சமைத்துக்கொள்வதும் உண்டு. 'வேறு வைப்பது' என்பார்கள். கூட்டுக் குடும்பம் என்று நாம் சினிமா பார்த்து உருகுவது ஒன்று, இது வேறொன்று. கூரை பொது, உலை தனி, கணக்கும் தனி. கம்ப்யூட்டர்காரன் மூளைக்கு இது சட்டென்று புரிகிறது. ஒரே சர்வர், தனித்தனி லாகின். கொஞ்சம் மலிவான உவமைதான், மன்னிக்கவும்.

இவ்வளவு பெரிய வீட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது? வானம் பார்த்த பூமி அது. பெரிய ஆறு எதுவும் ஓடவில்லை. காசு கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. 1852இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் காட்டை அழித்து நெல் போட விவசாயிக்கு முன்பணம் வேண்டியிருந்தது. ஆங்கிலேய வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுக்காது. செட்டியார்கள் கொடுத்தார்கள். இலங்கை, மலேயா, இந்தோசீனாவிலும் தொழில் நடந்தது. என்றாலும் பணம் அதிகம் புரண்டது பர்மாவில்தான். ஏறத்தாழ 1850களிலிருந்து 1940கள் வரை எழும்பிய அந்த மாளிகைகளில் டெல்டா விவசாயியின் வட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. தூணைத் தொட்டுப் பார்த்து "பர்மா தேக்கு!" என்று வியக்கும்போது நமக்கு மரம் மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

வெளியே போனவர்கள் பார்த்ததையெல்லாம் வாங்கி வந்தார்கள். இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. பம்பாயில் 1894இல் தொடங்கிய ரவி வர்மாவின் அச்சகத்திலிருந்து வந்த லட்சுமியும் சரஸ்வதியும் சட்டம் போட்டு நிலைக்கு மேலே, முன்பக்கம் சாய்த்துத் தொங்கினார்கள். சில வீடுகளில் அந்தக் காகித லட்சுமிக்கு ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டிச் சேலையே கட்டிவிட்டார்கள். ஜப்பானில் டான்டோ போன்ற நிறுவனங்கள் 1920களிலும் 30களிலும் இந்தியச் சந்தைக்கென்றே இந்துக் கடவுள்கள் உருவத்தோடு மஜோலிகா ஓடுகள் செய்து அனுப்பின. அவற்றில் சில ரவி வர்மாவின் படங்களைப் பார்த்துச் செய்தவை. கேரளத்து ஓவியர் வரைந்த சரஸ்வதி, பம்பாயில் அச்சாகி, ஜப்பானில் சுடப்பட்டு, காரைக்குடிச் சுவரில் பதிந்தாள்.

ஆக, நாம் 'பாரம்பரியம்' என்று தடவிப் பார்ப்பது அன்றைக்குச் சந்தையில் வந்த புத்தம் புதுசு. அவர்களும் ஒருவகையில் பின்டரெஸ்ட் பார்த்துத்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

உள்ளூர் என்று சொல்ல முதலில் இருப்பது சுவர். சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசி, தேய்த்துத் தேய்த்து ஏற்றிய வழுவழுப்பு. பங்குனி வெயிலில் கன்னத்தை வைத்தால் குளிரும். அடுத்தது ஆத்தங்குடி டைல்ஸ். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய சிமெண்ட் தரை ஓட்டுக்கு இது தம்பி முறை. அங்கே அழுத்துவதற்கு மெஷின். இங்கே ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் சட்டத்தை வைத்து, பூ வடிவத் தகட்டு அச்சுக்குள் நிறச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் செய்கிறார்கள். தண்ணீரில் ஊறி வெயிலில் காயும்போது கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் தரையின் மேல்பக்கம். சூளையும் கிடையாது, பாலிஷும் கிடையாது, கண்ணாடி தன் வழவழப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறது. ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். கரண்டி பிடித்திருந்தவர் ஒருமுறைகூட அச்சுக்கு வெளியே சிந்தவில்லை.

சரிவு சீக்கிரம் வந்தது. 1930இல் உலகப் பொருளாதார மந்தம், நெல் விலை விழுந்தது. விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதம் நிலம் அவர்களிடம் இருந்தது. 1937இல் 25 சதவீதம். அவர்களுக்கு வேண்டியது நிலம் இல்லை, பணம். பர்மியருக்கோ நிலம் போனது மட்டும்தான் தெரிந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது, பல ஆயிரம் பேர் நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார்கள். 1948இல் நில தேசியமயச் சட்டம், 1962இல் ராணுவ ஆட்சி, அதற்கடுத்து கடைகளும் வங்கிகளும். ரங்கூன் கணக்கு முடிந்தது. அந்தக் கணக்கை நம்பிக் கட்டிய வீடு மட்டும் ஊரில் நின்றது.

ஒரு தாத்தாவுக்கு நான்கு மகன்கள், அவர்களுக்குப் பத்து மகன்கள் என்று விரிந்தால் மூன்றாம் தலைமுறையில் ஒரே வீட்டுக்கு இருபது முப்பது புள்ளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் நியூஜெர்சியில். ஓடு மாற்ற எல்லாரும் காசு போட வேண்டும். கல்யாணத்துக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் எல்லாருக்கும் அந்த வீடு வேண்டும். மற்ற நாளெல்லாம் பூட்டு. மழை யாரையும் கேட்காமல் உள்ளே வரும். கடைசியில் ஒரு நாள் எல்லாரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரே வழி, வீட்டைப் பிரிப்பது. தமிழில் இந்தச் சொல் வசதியானது, பங்கு போடுவதும் பிரிப்பதுதான், இடிப்பதும் பிரிப்பதுதான். பூச்சை விற்க முடியாது, அது மண்ணாகும். தூண், நிலை, கதவு, உத்தரம், கண்ணாடி, படம் விலை போகும். அறைகளைத் திறந்தால் யாருடைய அப்பத்தாவுக்கோ பரப்பிய சீர் அடுக்கியபடி இருக்கும். அதுவும் போகும்.

முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருவது இவைதான். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே தூண் தன் உத்தரத்தைத் தாங்குகிறது. கடையில் தூணுக்கு உத்தரம் கிடையாது. ஒரு தூண் ரிசார்ட்டுக்கு, இன்னொன்று சினிமா செட்டுக்கு, மூன்றாவது எங்களைப் போன்றவர்களின் எட்டாவது மாடி பால்கனிக்கு.

எங்களுக்கும் ஒரு தூண் பார்த்து வைத்திருந்தோம். இதையெல்லாம் படித்த பிறகு வேண்டாம் என்றேன். மனைவி விடவில்லை. "நாம வாங்கலன்னா அந்த வீடு திரும்ப எழுந்து நிக்குமா? வேற எவனாவது வாங்குவான், இல்ல விறகாப் போகும். நம்ம வீட்டுல இருந்தா நீ தினமும் தூசியாவது தட்டுவ." பதில் சொல்ல முடியவில்லை. இன்னும் தூணும் வாங்கவில்லை, சண்டையும் முடியவில்லை.

போன மாதம் நண்பன் ஒருவனின் அம்மா சாப்பிட வந்திருந்தார். நகரத்தார். ஆச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சோபாவில் உட்காரவில்லை, நேராகத் தூக்குச்சட்டியிடம் போனார். இலையை ஒதுக்கினார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துகளை விரலால் தடவிப் படித்தார்.

"எங்க தம்பி வாங்கினீங்க?"

சொன்னேன்.

"எங்க ஊரு வீடுதான் இது. பெரிய வீடு. கீழத் தெருல. பிரிச்சு அஞ்சாறு வருசம் இருக்கும்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நீங்க எடுத்துக்குங்க ஆச்சி" என்றேன். அவர் சிரித்தார். "எனக்கு எதுக்கு தம்பி? எங்க அறையில இருக்கிறதையே எங்க வைக்கிறதுன்னு தெரியல." பிறகு, "அடியில ஓட்டை போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் "நல்லது" என்றார்.

போகும்போது அந்த எழுத்துகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அந்த வீட்டுப் புள்ளி ஒன்று கோலாலம்பூரில் இருக்கிறதாம். அவருக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை ஸ்டாண்ட் அப் மீட்டிங் நடுவில் நண்பனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. கோலாலம்பூரிலிருந்து கேட்கிறார்களாம், மூடி இருக்கிறதா என்று.